ரீடைரக்ட் வந்தால் முடிவு யாருடையது: லைப்ரரிக்கா, நம் நிரலுக்கா?

சேலம் செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறை ஒன்றுக்கான பில் செயலியை எடுத்துக்கொள்வோம். எடை, டச் (வெள்ளியின் தூய்மை), செய்கூலி மூன்றையும் பதிந்து 'அனுப்பு' பொத்தானை அழுத்தினால், அது போஸ்ட் ரெக்வெஸ்டாக, அதாவது விவரத்தைப் பதியச் சொல்லும் வேண்டுகோளாக, சர்வருக்குப் போகும். ஒருநாள் சர்வரைக் கவனிப்பவர், பழைய எச்டிடிபி முகவரிக்கு வரும் எல்லாவற்றையும், 'அந்த முகவரிக்குப் போ' என்று சொல்லும் 301 என்ற பதில் எண்ணைக் கொடுத்து எச்டிடிபிஎஸ் முகவரிக்குத் திருப்பிவிடுகிறார் (இதுதான் ரீடைரக்ட்). செய்ய வேண்டிய வேலைதான். செயலிக்குள் இருந்து ரெக்வெஸ்டை அனுப்பிப் பதிலை வாங்கும் லைப்ரரி அந்த 301-ஐத் தானாகவே பின்தொடர்கிறது. போகிற வழியில் போஸ்ட், படிக்க மட்டும் கேட்கும் கெட் ஆக மாறி, கூடவே இருந்த பில் விவரம் கழன்றுவிடுகிறது. அந்த முகவரியில் கெட் கேட்டால் பழைய பில்களின் பட்டியலைத் தருவது சர்வரின் வழக்கம். 'வெற்றி' என்று பொருள்படும் 200 வருகிறது, செயலி பச்சை டிக் காட்டுகிறது. பில் மட்டும் எங்கும் பதிவாகவில்லை.

இதில் யாரும் விதியை மீறவில்லை. 301, 302 வந்தால் போஸ்டைக் கெட் ஆக மாற்றிக்கொள்ளலாம் என்று எச்டிடிபியின் விதிநூலான ஆர்எஃப்சி 9110 அனுமதிக்கிறது. 1990-களின் பிரவுசர்கள் அப்படித்தான் செய்துவந்தன என்பதால் அந்த அனுமதி நின்றுவிட்டது. ஆகவே லைப்ரரியில் பிழை தேடிப் பயனில்லை. இந்த ரெக்வெஸ்டை லைப்ரரி தானாகத் திருப்ப விடலாமா என்பதை நிரல் எழுதுபவர்தான் முன்கூட்டியே முடிவு செய்திருக்க வேண்டும்.

முடிவெடுக்க 301, 302 போன்ற பதில் எண்களின் (ஸ்டேட்டஸ் கோடுகளின்) பொருள் தெளிவாக இருக்க வேண்டும். ஏற்காட்டு மலைப்பாதையில் மண் சரிந்தால் வண்டிகளைக் குப்பனூர் வழியாகத் திருப்பிவிடுவார்கள். அது 302, 307 வகை. இன்றைக்கு மட்டும் அந்த வழி. நாளைக்கு மறுபடி அடிவாரத்துக்கே வந்து கேட்க வேண்டும். 'இனிமேல் எப்போதும் குப்பனூர் வழிதான், அடிவாரத்துக்கே வராதே' என்றால் அது 301, 308. இன்னொரு கேள்வியும் உண்டு: லாரி சுமையோடு போகலாமா, இறக்கிவிட்டுப் போக வேண்டுமா? 307, 308 இரண்டும் சுமையோடு போகச் சொல்பவை. மெதட் (போஸ்ட், கெட் போன்ற ரெக்வெஸ்ட் வகை) மாறாது, உள்ளடக்கமும் அப்படியே போகும். 303 என்றால் இறக்கிவிட்டுக் கெட் ஆகப் போ என்று பொருள். படிவம் அனுப்பிய பின் 'நன்றி' பக்கம் காட்டுவதற்கு ஏற்றது. 301, 302 இரண்டில்தான் குழப்பம். சுமை இறங்குமா இல்லையா என்பது லைப்ரரிக்கு லைப்ரரி வேறு. 303 1997-இன் ஆர்எஃப்சி 2068-இலும், 307 1999-இன் ஆர்எஃப்சி 2616-இலும் வந்தன. நிரந்தர வகைக்கு அப்படி ஒரு துல்லியமான கோடு இல்லாமலே இருந்தது. 2015-இன் ஆர்எஃப்சி 7538 மூலம் 308 அந்த இடத்தை நிரப்பியது. 304 இந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததல்ல. 'நீ வைத்திருக்கும் பிரதியே போதும்' என்பதுதான் அதன் பொருள். 300 முதல் 399 வரை எல்லாவற்றையும் ரீடைரக்ட் என்று ஒரே வரியில் பிடிக்கும் நிரல்கள் இங்கே தடுக்கி விழும்.

போஸ்ட் கெட் ஆவது பலருக்கும் தெரியும். நீக்கச் சொல்லும் டெலீட், மாற்றி எழுதச் சொல்லும் புட் இரண்டுக்கும் என்ன ஆகிறது என்பதைத்தான் பார்க்காமல் விடுகிறார்கள். பைதானின் ரெக்வெஸ்ட்ஸ் லைப்ரரியில் 302 வந்தால் ஹெட் (உள்ளடக்கம் இல்லாமல் ஹெடர்களை மட்டும் கேட்பது) தவிர எல்லா மெதடும் கெட் ஆகிவிடும். 301-இல் போஸ்ட் மட்டுமே மாறும். கோ மொழியின் லைப்ரரியில் 301, 302, 303 மூன்றிலும் கெட், ஹெட் அல்லாத எல்லாமே கெட் ஆகும். பிரவுசரின் ஃபெட்ச் விதிப்படி 301, 302-இல் போஸ்ட் மட்டும் மாறும், டெலீட் டெலீட்டாகவே போகும். ஆக, ஒரே சர்வர், ஒரே 302. வலைப்பக்கத்தில் இருந்து நீக்கினால் பதிவு நீங்குகிறது. பைதான் நிரலில் இருந்து நீக்கினால் நீங்காமலே 200 வருகிறது.

இனி வழிகளுக்கு வருவோம். லைப்ரரியிடமே முழுக்க விட்டுவிடலாம். தானாகப் பின்தொடர்வதை அணைத்துவிட்டு ஒவ்வொரு திருப்பத்தையும் நாமே எழுதலாம். அல்லது விதியை மட்டும் நாம் சொல்லி, நடையை லைப்ரரியிடம் விடலாம்.

லைப்ரரியிடமே விடுவது

இதற்கு எழுத வேண்டியது எதுவும் இல்லை. முகவரியை ஒட்டுவது, குக்கியைச் சேமிப்பது, எண்ணிக்கை வரம்பு எல்லாம் ஏற்கெனவே சோதிக்கப்பட்ட நிரலாக உள்ளே இருக்கிறது. வெள்ளி விலையையோ ஜவ்வரிசி விலையையோ படிக்க மட்டும் செய்கிற நிரலுக்கு இதைவிடப் பெரிதாக எதுவும் தேவையில்லை.

ஆனால் 'லைப்ரரியின் வழக்கம்' என்று பொதுவாக ஒன்று கிடையாது. ரெக்வெஸ்ட்ஸ் தானாகப் பின்தொடரும், வரம்பு 30. ஹெட் அனுப்பினால் மட்டும் பின்தொடராது. கோ 10 ரெக்வெஸ்டோடு நிறுத்தும். டாட்நெட் 50 வரை போகும். ஜாவாவின் பழைய எச்டிடிபி யூஆர்எல் கனெக்‌ஷன் தானாகப் போகும், ஆனால் எச்டிடிபியில் இருந்து எச்டிடிபிஎஸ்ஸுக்குத் தாண்டாது. 2018-இல் ஜாவா 11-உடன் வந்த புதிய எச்டிடிபி கிளையன்ட் நாம் சொல்லாவிட்டால் எங்கும் போகாது. கட்டளைவரிக் கருவியான கர்லும் அப்படித்தான்: பெரிய எல் கொடியை (-L) போட்டால்தான் நடக்கும், அப்போது வரம்பு 50. ஃப்ளட்டருக்கு அடியில் இருக்கும் டார்ட் கிளையன்ட் 5 வரை போகும். ஆனால் கெட், ஹெட் இரண்டுக்கும் மட்டுமே. போஸ்டுக்கு 303 வந்தால் கெட் ஆக மாற்றிக்கொண்டு போகும், மற்றபடி 3-இல் தொடங்கும் அந்தப் பதில் எண்ணை அப்படியே கையில் தந்துவிடும். பில் செயலிக்கு டார்ட்டின் இந்த வழக்கம்தான் எல்லாவற்றிலும் பாதுகாப்பானது என்பது எங்கள் கருத்து.

பெரிய சிக்கல், இந்த வழக்கங்கள் பதிப்புக்குப் பதிப்பு மாறுவது. பைதானின் எச்டிடிபிஎக்ஸ், 2021-இல் வந்த 0.20 பதிப்பில் பின்தொடர்வதை நிறுத்தியது. சி++ செயலிகளுக்கான க்யூட்டி நேர்மாறாக, 5-ஆம் வரிசையில் பின்தொடராமல் இருந்து 6-இல் பின்தொடரத் தொடங்கியது. கர்லுக்கு அடியில் இருக்கும் லைப்ரரியான லிப்கர்லில் ரீடைரக்ட் எண்ணிக்கைக்கு வரம்பே இல்லாமல் இருந்தது, 8.3.0 முதல் 30. அதனால் எந்த வழியைத் தேர்ந்தாலும் மூன்றை நிரலில் வெளிப்படையாக எழுதிவிட வேண்டும்: பின்தொடரலாமா, எத்தனை முறை, மொத்தம் எத்தனை நொடிக்குள். எழுதாமல் விட்டால் லைப்ரரியைப் புதுப்பிக்கிற நாளில் நிரலின் நடத்தை சத்தமில்லாமல் மாறிவிடும்.

நொடிக் கணக்கிலும் ஒரு பொறி இருக்கிறது. கோ கிளையன்டில் வைக்கும் நேர வரம்பு எல்லாத் திருப்பங்களையும் சேர்த்த மொத்தம், லிப்கர்லிலும் அப்படியே. ரெக்வெஸ்ட்ஸில் அது ஒவ்வொரு திருப்பத்துக்கும் தனித்தனி. 10 நொடி என்று எழுதியிருந்தாலும், மெதுவான ஐந்து திருப்பங்கள் வந்தால் எந்த வரம்பையும் தாண்டாமல் 40 நொடிக்கு மேல் போகலாம்.

சர்வரிடம் நம்மை அடையாளம் காட்டும் சாவிகள் வெளியே போவது இன்னும் கவலைக்குரியது. வேறு ஹோஸ்டுக்குத் திருப்பினால் அந்தச் சாவி போகும் ஆத்தரைசேஷன் ஹெடரைக் கழற்றிவிட வேண்டும் என்பது இன்று பெரும்பாலான லைப்ரரிகளில் இருக்கிறது, ஆனால் அது அடிபட்டுக் கற்றது. கர்ல் 2018 ஜனவரியில் 7.58.0 பதிப்பில்தான் நாம் கையால் சேர்த்த அந்த ஹெடரை வேறு ஹோஸ்டுக்கு அனுப்புவதை நிறுத்தியது. அதே ஹோஸ்டில் எச்டிடிபிஎஸ்ஸில் இருந்து எச்டிடிபிக்கு இறங்கும்போது ரெக்வெஸ்ட்ஸ் அதைக் கழற்றாமல் அனுப்பிக்கொண்டிருந்தது, 2.20.0 பதிப்பில் சரிசெய்தார்கள். இவையெல்லாம் ஆத்தரைசேஷன், குக்கி போன்ற பெயர் தெரிந்த ஹெடர்களுக்குத்தான். 'எக்ஸ்-ஏபிஐ-கீ' என்று நாமே பெயர் வைத்து ஒரு ஹெடரில் சாவியை அனுப்பினால், அது சாவி என்று லைப்ரரிக்குத் தெரிய வழியில்லை. கோ, ரெக்வெஸ்ட்ஸ், கர்ல் மூன்றுமே அதைப் புதிய ஹோஸ்டுக்கும் கொண்டுபோய்க் கொடுத்துவிடும். சாவியைத் தனிப்பெயர் ஹெடரில் வைத்திருந்தால் இந்த வழியைத் தேர்வதற்கு இடமே இல்லை.

எல்லாவற்றையும் நாமே எழுதுவது

கட்டுப்பாடு முழுவதும் நம்மிடம் இருக்கும், உழைப்பும்தான். 'புதிய முகவரி இருக்கும் லொகேஷன் ஹெடரை எடுத்து மறுபடி கூப்பிடு, இரண்டு வரி' என்று தொடங்குபவர்கள் பின்னால் சேர்க்க வேண்டியவை ஏராளம்.

முதலில், கோடு 301, 302, 303, 307, 308 ஐந்தில் ஒன்றா என்று பார்க்க வேண்டும். லொகேஷன் இல்லாவிட்டால் அங்கேயே நிற்க வேண்டும். அது முழு முகவரியாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. '/பில்/புதியது' என்று பாதி முகவரியாகவும் வரலாம். அதை ஒட்ட வேண்டியது தற்போதைய முகவரியோடு. தொடங்கிய முகவரியோடு ஒட்டினால் இரண்டாவது திருப்பத்தில் வேறு ஹோஸ்டில் போய் நிற்கும். பழைய முகவரியில் # குறிக்குப் பின் ஒரு பகுதி இருந்து, புதியதில் இல்லாவிட்டால் அதைக் கூடவே எடுத்துச்செல்ல வேண்டும். முகவரியின் தொடக்கத்தில் வரும் திட்டம் (ஸ்கீம்) எச்டிடிபி அல்லது எச்டிடிபிஎஸ் மட்டுமே. ஃபைல், எஃப்டிபி வந்தால் மறுக்க வேண்டும். திட்டம், ஹோஸ்ட், போர்ட் மூன்றில் ஒன்று மாறினாலும் சாவிகளைக் கழற்ற வேண்டும். பழைய ரெஸ்பான்ஸின் உள்ளடக்கத்தைப் படித்து முடிக்கவோ மூடவோ வேண்டும். இதை மறந்தால் கனெக்‌ஷன்கள் திரும்பக் கிடைக்காமல் குவிந்து, சில மணி நேரத்தில் நிரல் திணறும்.

இவை முடிந்த பிறகும் குக்கி பாக்கி இருக்கிறது. 302-உடன் வரும் செட்-குக்கியை அந்தத் திருப்பத்திலேயே சேமிக்க வேண்டும். சேமிக்காவிட்டால், லாகின் பக்கமும் உள்பக்கமும் நம்மை மாறி மாறித் திருப்பி அனுப்பும். வட்டம் அடிக்கிறது என்று தெரிந்ததும் 'ஏற்கெனவே பார்த்த முகவரி வந்தால் நிறுத்து' என்று எழுதத் தோன்றும். அது தவறு. குக்கி வாங்கிக்கொண்டு அதே முகவரிக்குத் திரும்பி வருவது முறையான நடைதான். பைதானின் யூஆர்எல்லிப் இதை அறிந்து, ஒரே முகவரிக்கு 4 முறை, மொத்தம் 10 முறை என்று இரண்டு வரம்பு வைத்திருக்கிறது. அந்த ஏற்பாட்டை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

தமிழ் முகவரிகளுக்கு என்றே ஒரு தொல்லை உண்டு. லொகேஷன் ஹெடரில் தமிழ் எழுத்து சதவீதக் குறியாக மாற்றப்படாமல் நேரடியாக யூடிஎஃப்-8 பைட்டுகளாகவும் வரும். பைதான் 3 ஹெடர்களை லத்தீன்-1 என்று எண்ணிப் படிக்கிறது. 'ஏற்காடு' என்ற சொல்லில் 7 குறியீடுகள், ஒவ்வொன்றும் 3 பைட், மொத்தம் 21 பைட். அந்த 21-ம் 21 தனி எழுத்துகளாகச் சிதறி, அப்படியே மறுபடி குறியாக்கப்பட்டு, இல்லாத பக்கத்துக்குப் போய் 404 வாங்கிவரும். ரெக்வெஸ்ட்ஸ் உள்ளுக்குள் அதை லத்தீன்-1 ஆக்கித் திரும்ப யூடிஎஃப்-8 ஆகப் படித்துச் சரிசெய்கிறது. கையால் எழுதினால் அந்த இரண்டு படியும் நம் பொறுப்பு. சர்வர் பக்கம் நம்முடையதாக இருந்தால், லொகேஷனை அனுப்பும்போதே 63 எழுத்து கொண்ட சதவீதக் குறியாக மாற்றி அனுப்புவது மேல்.

விதி நம்முடையது, நடை லைப்ரரியுடையது

சேலத்தில் பத்துப் பேர் கொண்ட குழு எழுதும் நிரல்களில் பெரும்பாலானவற்றுக்கு இதுதான் பொருந்தும். முகவரி ஒட்டுவது, குக்கி, எழுத்துச் சிக்கல் ஆகியவற்றை லைப்ரரி பார்த்துக்கொள்ளும். 'இந்தத் திருப்பத்துக்குச் சம்மதமா' என்று மட்டும் நம்மைக் கேட்கும்.

கோ மொழியில் கிளையன்டின் செக்-ரீடைரக்ட் என்ற இடத்தில் ஒரு சார்பு எழுதினால், ஒவ்வொரு திருப்பத்துக்கும் முன்னால் அது அழைக்கப்படும். அடுத்த ரெக்வெஸ்டும் இதுவரை வந்த வழியும் அதன் கைக்குக் கிடைக்கும். ஹோஸ்ட் பிடிக்காவிட்டால் பிழையைத் திருப்பித் தரலாம். சாவி ஹெடரை அங்கேயே நீக்கலாம். ஆனால் இந்தச் சார்பை நாம் எழுதிய கணமே 10 என்ற வரம்பு போய்விடும். எண்ணிக்கையையும் அதற்குள்ளேயே சோதிக்காவிட்டால் வட்டம் நிற்காது. இன்னொன்று, 307, 308-க்கு உள்ளடக்கத்தை மறுபடி அனுப்ப அது திரும்பப் படிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். பைட் தொகுப்பாகவோ சரமாகவோ கொடுத்தால் கோ தானே பார்த்துக்கொள்ளும். கோப்பில் இருந்து ஓடையாகக் கொடுத்தால், மறுபடி தரும் சார்பை நாம் எழுத வேண்டும்.

க்யூட்டியில் இது கொள்கைப் பெயர்களாகவே கிடைக்கிறது. 6-ஆம் வரிசையின் வழக்கம் எச்டிடிபிஎஸ்ஸில் இருந்து எச்டிடிபிக்கு இறங்காது. ஒரே தோற்றுவாய்க்குள் (திட்டம், ஹோஸ்ட், போர்ட் மூன்றும் மாறாமல்) மட்டும் போகும் கொள்கை ஒன்று, ஒவ்வொரு முறையும் நம் அனுமதிக்குக் காத்திருக்கும் கொள்கை ஒன்று. ஜாவா 11 கிளையன்டில் 'நார்மல்' என்று வைத்தால் பாதுகாப்புக் குறையும் திருப்பத்தை மட்டும் மறுக்கும். ஜாவாவில் அதுவே போதும். 'ஆல்வேஸ்' வைக்கக் காரணமே இல்லை.

எந்த நிரலுக்கு எது

பட்டறை பில் செயலிக்கு: போஸ்ட், புட், டெலீட் மூன்றிலும் தானாகப் பின்தொடர்வதை அணைக்க வேண்டும். 301, 302 வந்தால் அதைப் பிழையாகவே காட்டி, பில்லைக் கைபேசியிலேயே வரிசையில் வைத்திருக்க வேண்டும். 307, 308 வந்து, ஹோஸ்ட் நமக்குத் தெரிந்ததாக இருந்தால் மட்டும் ஒரே ஒரு முறை பின்தொடரலாம். ஒவ்வொரு பில்லுக்கும் செயலியிலேயே ஒரு தனி எண் கொடுத்து அனுப்பினால், மறுமுறை அனுப்பும்போது இரட்டைப் பதிவு வராது. சர்வர் எழுதுபவருக்கும் ஒரு சொல். பைதானில் சர்வர் எழுதப் பயன்படும் ஜாங்கோவில் முகவரியின் கடைசிச் சாய்கோடு (/) விடுபட்டால் அது 301 கொடுக்கும், போஸ்ட் அங்கேயே கெட் ஆகிவிடும். ஃபாஸ்ட்ஏபிஐ அதே இடத்தில் 307 கொடுக்கும், போஸ்ட் பிழைக்கும். ஜாங்கோ என்றால் முகவரியைக் கடைசிச் சாய்கோட்டோடு எழுதுவதே தீர்வு.

ஏற்காட்டில் நாகலூர், மஞ்சக்குட்டைப் பக்கம் காபித் தோட்டத்தில் நிறுத்தும் மழைமானிக்கு: இங்கே கணக்கு வேறு. இத்தகைய கருவிகளில் வைக்கும் ஈஎஸ்பி32 சிப்புக்கான அர்டுயினோ எச்டிடிபி கிளையன்டில் பின்தொடர்வது வழக்கமாக அணைந்தே இருக்கும். மழை அளவை கூகுள் ஷீட்டுக்கு ஆப்ஸ் ஸ்கிரிப்ட் வழியாக அனுப்புபவர்கள் முதலில் பார்ப்பது 302-ஐத்தான். அந்த 302 வரும்போதே ஸ்கிரிப்ட் ஓடி முடிந்து வரி பதிவாகியிருக்கும். பதிலை மட்டும் கூகுள்யூசர்கன்டென்ட் முகவரியில் கெட் ஆக வந்து வாங்கிக்கொள் என்று சொல்கிறது. 302-ஐத் தோல்வி என்று எண்ணி மறுபடி அனுப்பினால் ஒரே மழை இரண்டு, மூன்று வரியாக ஏறும். காபி பூக்கும் மார்ச், ஏப்ரல் மழையில் 12 மி.மீ. 36 ஆகப் பதிவானால் தோட்டக்காரர் எடுக்கும் முடிவே தப்பாகும். கருவி பதிலைப் படிக்கத் தேவையில்லை என்றால், அந்த முகவரிக்கு மட்டும் 302-ஐ வெற்றி என்று எடுத்துக்கொண்டு நிறுத்திவிடலாம். மின்கலமும் மிச்சம்.

மிச்சம் எவ்வளவு என்று கணக்கிட்டுப் பார்க்கலாம். புதிய ஹோஸ்டுக்குப் போனால் பெயர் தேட ஒரு சுற்று (செய்தி போய்ப் பதில் வருவது), டிசிபிக்கு ஒன்று, டிஎல்எஸ் 1.2 என்றால் இரண்டு, ரெக்வெஸ்டுக்கு ஒன்று, ஆக ஐந்து சுற்று. சிக்னல் மெலிந்த சரிவில் ஒரு சுற்றுக்கு 600 மில்லி நொடி ஆகிறது என்று வைத்தால் ஒரு ரீடைரக்டுக்கு 3 நொடி. அவ்வளவு நேரமும் மோடம் விழித்திருக்கும். கருவியில் ஒரே ஒரு ரூட் சான்றிதழைப் பதித்திருந்தால், வேறு நிறுவனத்தின் சான்றிதழ் வைத்திருக்கும் ஹோஸ்டுக்குத் திருப்பும்போது கைகுலுக்கலே தோற்றுவிடும். அதனால் களத்தில் இருக்கும் கருவிகளுக்கு ரீடைரக்டை நம்பவே கூடாது. சர்வர் இடம் மாறினால் பழைய முகவரியில் என்ஜின்எக்ஸ் என்ற இடைநிலை சர்வரை நிறுத்தி, அது உள்ளுக்குள்ளேயே புதிய சர்வருக்குக் கடத்தும்படி வைக்க வேண்டும். கருவிக்கு எதுவும் தெரிய வேண்டாம். மழைக்காலத்தில் தோட்டம் தோட்டமாக ஏறிப் புதிய நிரல் ஏற்றுவதோடு ஒப்பிட்டால், ஒரு பழைய டொமைனை ஆண்டுதோறும் புதுப்பிப்பது சின்னச் செலவு.

ஏற்காட்டு விடுதிகளைத் தொகுத்துக் காட்டும் தளம், விடுதிக்காரர் ஒட்டும் படமுகவரியைத் தன் சர்வரில் இருந்து போய் எடுத்து வருகிறது என்றால், அங்கே இரண்டாவது வழி மட்டுமே சரி. ஒட்டிய முகவரி நல்லதாகத் தெரியும்; அது 302 கொடுத்து 127.0.0.1-க்கோ, கிளவுட் சர்வரின் உள்விவரம் தரும் 169.254.169.254-க்கோ அனுப்பிவிடலாம். முதல் முகவரியை மட்டும் சோதித்து லைப்ரரியிடம் விட்டால் அந்தச் சோதனை வீண். ஒவ்வொரு திருப்பத்திலும் பெயரை ஐபியாக மாற்றி, அது உள்வலை எண்ணா என்று பார்த்து, பார்த்த அதே ஐபிக்குத்தான் இணைய வேண்டும். பார்த்த பிறகு பெயரை மறுபடி தேடவிட்டால் அந்த இடைவெளியில் ஐபி மாறலாம். மூன்று திருப்பம் போதும். படத்துக்கு அதற்கு மேல் தேவைப்படாது.

விலை படிக்கும் நிரலுக்கு முதல் வழி, வரம்பு 5, மொத்த நேரம் 15 நொடி. கூடவே ஒரு சோதனை அவசியம்: கடைசியில் நின்ற முகவரியின் ஹோஸ்ட் எதிர்பார்த்ததா, வந்த உள்ளடக்கம் ஜேசன்தானா? பேருந்து நிலையம், விடுதி வைஃபைகள் 302 கொடுத்துத் தங்கள் லாகின் பக்கத்துக்கு அனுப்பிவிடும். 200 வரும், உள்ளே இருப்பது எச்டிஎம்எல். ஜேசன் படிக்கும் இடத்தில் '<' குறியைப் பார்த்து நிரல் விழுந்தால், பத்தில் பல முறை காரணம் இதுதான், அல்லது பின்தொடரப்படாத ஒரு 301-இன் சின்னப் பக்கம்.

சோதிக்கும்போது கர்லில் பெரிய ஐ கொடியை (-I) மட்டும் நம்ப வேண்டாம். அது ஹெட் அனுப்புகிறது. சில சர்வர்கள் ஹெட்டுக்கு ஒன்றும் கெட்டுக்கு வேறொன்றும் சொல்லும். பெரிய எக்ஸ் கொடியில் (-X) போஸ்ட் என்று எழுதி, பெரிய எல் கொடியும் சேர்த்தால் எல்லாத் திருப்பத்திலும் போஸ்டே போகும். செயலி அப்படிச் செய்யாது என்பதால் அந்தச் சோதனை எதையும் நிரூபிக்காது. தரவுக் கொடியை (-d) மட்டும் கொடுத்தால் போஸ்ட் தானாக அமையும், 302-இல் கெட் ஆகவும் மாறும். சொந்தக் கணினியில் இரண்டு போர்ட்டில் இரண்டு சின்ன சர்வர்களை ஓட்டி, 301, 302, 303, 307, 308 ஐந்தையும் கொடுத்து ஒன்றில் இருந்து மற்றொன்றுக்குத் திருப்பி, இரண்டாவது சர்வருக்கு வந்துசேரும் மெதட், உள்ளடக்கத்தின் நீளம், எல்லா ஹெடர்களையும் அச்சிட்டுப் பாருங்கள். அந்தப் பட்டியலில் உங்கள் சாவி ஹெடர் தெரிந்தால், நிரல் இன்னும் பட்டறைக்குப் போகத் தயாராகவில்லை.